ரேடியேட்டர் அடிப் பிளக்கில் ஒழுகல்: இறுக்க இறுக்க அதிகமாகிறது

தகரப்பெட்டி – ஞாயிறு, காலை 9:10

மூன்று வருடமாகச் சூலூர்ப் பக்கம் ஒரு ஷெட்டில் கார் கட்டிக்கொண்டிருக்கிறேனே, அதன் அடுத்த தலைவலி இது. புதிதாக வந்தவர்களுக்காக: ஒரு இஞ்ச் சதுரக் குழாயில் சேஸிஸ், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில், நடுவில் இரண்டு நீள அலுமினியக் குழாய்கள். ரோட்டுக்கு இல்லை. செட்டிபாளையத்து டிராக்கில் கூட்டமில்லாத ஒரு நாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

போன வாரம் முதல் முறையாகக் கூலன்ட் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஆனதும் கீழே பச்சையாக ஒரு சொட்டு. பார்த்தால் ரேடியேட்டரின் அடிப் பிளக்.

ரேடியேட்டர் முழு அலுமினியம், ரேஸ் காருக்கானது, வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. அடியில் தண்ணீர் வடிக்க வெல்டிங் வைத்த குமிழ் இருந்தது, ஆனால் பிளக் வரவில்லை. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் பித்தளைப் பிளக் வாங்கி, டெஃப்லான் டேப் ஆறு சுற்றுச் சுற்றிப் போட்டேன். ஒழுகியதும் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அதிகமானது. கழற்றி டேப் பன்னிரண்டு சுற்று. இரண்டு நாள் தாங்கியது, மறுபடி ஆரம்பம். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு பொட்டுத் தண்ணீர் வராது. சூடானால் மட்டும்தான். ராத்திரிக்குள் ஒரு டம்ளர் அளவு போய்விடுகிறது.

என்ன செய்யலாம்?


லாரிப்பட்டறை நாமக்கல் – ஞாயிறு, காலை 9:42

இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள். மூடியைத் திறந்து போட்டு, கால் மணி நேரம் ஓட்டுங்கள். ஒழுகல் நிற்கும். எங்கள் டிரைவர்கள் மஞ்சள் பொட்டலம் இல்லாமல் வண்டியை எடுப்பதே இல்லை.


ஓசூர்க்காரன் – ஞாயிறு, காலை 10:05

நாமக்கல் அண்ணனோடு சண்டைக்கு வரவில்லை. மஞ்சள் வேலை செய்வது உண்மைதான், ஆனால் எங்கே என்பதைப் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் கோரில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், மஞ்சளில் உள்ள மாவுச்சத்தும் நாரும் அந்த ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அடைக்கிற பொருளுக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாதே. ரேடியேட்டரின் குறுகிய தட்டைக் குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் படியும். நடுவழியில் வண்டி நின்றால் பட்டறை வரை போய்ச் சேர அது உதவும். புது ரேடியேட்டரில் போடாதீர்கள். திருகு மரையில் வரும் ஒழுகலுக்கு அது மருந்தே இல்லை.

தகரப்பெட்டி, ரேடியேட்டர் மூடியில் என்ன எண் போட்டிருக்கிறது?


தகரப்பெட்டி – ஞாயிறு, காலை 10:20

1.3 என்று இருக்கிறது. ரேடியேட்டரோடு வந்த மூடி.


ஓசூர்க்காரன் – ஞாயிறு, காலை 10:48

அதை எடுத்து வைத்துவிட்டு 0.9 போடுங்கள். 1.3 பார் என்றால் கிட்டத்தட்ட 19 பிஎஸ்ஐ. உங்கள் எஞ்சினுக்கு இது தேவையே இல்லை. பழைய ஹோஸ், பழைய வாட்டர் பம்ப் சீல் எல்லாம் சேர்ந்து அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 0.9 பார், அதாவது 13 பிஎஸ்ஐ போதும். வெறும் தண்ணீரே அந்த அழுத்தத்தில் 118 டிகிரி வரை கொதிக்காது.

ஆனால் மூடியை மாற்றினால் ஒழுகல் குறையுமே ஒழிய நிற்காது. ஆறியபோது வராமல் சூட்டில் மட்டும் வருகிறது என்றால், உள்ளே அழுத்தம் ஏறும்போது அது வெளியே வர எங்கோ ஒரு வழி இருக்கிறது.


லேத்துப் பட்டறை – ஞாயிறு, பகல் 12:15

ஏனுங்க, பிளக்தான் ஒழுகுதுன்னு எப்படி முடிவு பண்ணினீங்க? பிளக் இருப்பது எல்லாவற்றுக்கும் கீழே. மேலே எங்கே கசிந்தாலும் ஓரமாக வழிந்து வந்து பிளக் தலையில்தான் தொங்கும். பழி அதன் மேல் விழும். முதலில் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரைப் பஞ்சில் தொட்டு, பிளக்கைச் சுற்றியும் மேலே ஒரு சாண் உயரத்துக்கும் பூசுங்க. எஞ்சினைச் சூடாக்குங்க. ஈரக்கோடு எங்கே பிறக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. கையை ஃபேன் பக்கம் கொண்டு போக வேண்டாம், எலக்ட்ரிக் ஃபேன் சொல்லிக்கொண்டு சுற்றாது.


தகரப்பெட்டி – ஞாயிறு, மாலை 5:30

செய்தாகிவிட்டது. பிளக்கின் மரை குமிழுக்குள் நுழைகிற இடத்தில்தான் முதலில் பவுடர் கறுத்தது. மேலே எல்லாம் வெள்ளையாகவே இருந்தது. ஆக, குற்றவாளி பிளக்தான்.

இன்னொன்று. கீழே வைத்த தட்டில் தேங்கிய கூலன்ட்டை எங்கள் நாய் கருப்பன் முகர்ந்துகொண்டிருந்தான். விரட்டிவிட்டேன்.


ஓசூர்க்காரன் – ஞாயிறு, மாலை 5:41

உடனே தட்டை எடுங்கள், தரையைக் கழுவுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். சிறுநீரகம் போய்விடும். நக்கியிருப்பான் என்று சந்தேகம் இருந்தால் காலை வரை காத்திருக்காமல் இப்போதே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்கு மாற்று மருந்து முதல் சில மணி நேரத்தில்தான் பலன் தரும்.


தகரப்பெட்டி – ஞாயிறு, மாலை 5:55

நக்கவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். ஷெட்டைக் கழுவிக் கதவைச் சாத்திவிட்டேன். நன்றி, இது எனக்குத் தெரியாது.


ஏநாற்பது – ஞாயிறு, இரவு 8:30

டொரொண்டோவில் இருந்து எழுதுகிறேன், பிந்தி வந்ததற்கு மன்னிக்கவும். தம்பி, இரண்டு கேள்வி. டேப் இல்லாமல் வெறும் பிளக்கைக் கையால் போட்டால் எத்தனை சுற்றுப் போகிறது? முதல் சுற்றில் பிளக் ஆடுகிறதா?


தகரப்பெட்டி – ஞாயிறு, இரவு 9:02

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு சுற்றில் லொடலொட என்று ஆடுகிறது. நாலாவது சுற்றில் திடீரென்று பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால்தான் நகரும்.


ஏநாற்பது – ஞாயிறு, இரவு 9:20

ஓம், அதுதான். உங்கள் பிளக்கின் புரி, அதாவது நீங்கள் சொல்லும் மரை, வேறு, ரேடியேட்டரின் புரி வேறு. இங்கே கனடாவில் கடைக்குப் போய்க் கால் இஞ்ச் பிளக் என்று கேட்டால் என்பிடிதான் (அமெரிக்கக் குழாய்ப் புரி அளவு) தருவார்கள். அங்கே கேட்டால் பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) தருவார்கள். பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். நானும் ஒருமுறை ஊரில் இருந்து கொண்டுவந்த பித்தளைத் திருகாணியை இங்கத்தைய ரேடியேட்டரில் போட்டு இதே பாடு பட்டேன்.

சரியாகப் பொருந்தும் சாய்வுப் புரி, அதாவது முனைப் பக்கம் ஒடுங்கிக்கொண்டே போகும் புரி, படிப்படியாக இறுகிக்கொண்டே வரும். லொடலொடவென்று போய்த் திடீரென்று பிடித்தால், அது பொருந்தவில்லை, சிக்கிக்கொண்டது.


லேத்துப் பட்டறை – ஞாயிறு, இரவு 9:45

அடடா, இது எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போகிற பம்பு உதிரிப் பாகம் வந்தால் என்பிடிதான் போடச் சொல்வாங்க, நம் ஊருக்கு என்றால் பிஎஸ்பி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்துச் சொல்வது சிரமம்.

கணக்கு இப்படிங்க. கால் இஞ்ச் பிஎஸ்பியில் இஞ்ச்சுக்கு 19 மரை, என்பிடியில் 18. பிஎஸ்பி மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடிக்கு 60. கால் இஞ்ச் என்பது பெயருக்குத்தான், அளந்தால் பிஎஸ்பி 13.16 மி.மீ., என்பிடி குழாய் 13.72 மி.மீ. அதனால்தான் உங்கள் பிளக் முதலில் ஆடுகிறது, அது அரை மில்லி சிறிசு. ஒரு மரைக்கு 0.07 மி.மீ. வித்தியாசம். நாலு சுற்றில் 0.3 ஆகிவிடும், அங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முட்டின இடத்தில் இறுக்கமாக இருக்கும், மற்ற இடமெல்லாம் இடைவெளி. அந்த இடைவெளி மரையோடு சுற்றிச் சுற்றி உள்ளிருந்து வெளியே வரை ஒரு வாய்க்கால் மாதிரி. தண்ணீர் அதில் நடந்தே வந்துவிடும்.

அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் அளவுகளில் இரண்டுக்குமே 14 மரைதான், அதனால் ஏறிவிடும், டேப்பும் காப்பாற்றிவிடும். ஊரில் எல்லோரும் "எல்லாம் ஒண்ணுதான் போடு" என்று சொல்வது இதனால்தான்.


லாரிப்பட்டறை நாமக்கல் – ஞாயிறு, இரவு 10:10

இவ்வளவு எதற்கு? எம்சீலை (பிசைந்து ஒட்டினால் கல்லாகிற பசை) உருட்டிப் பிளக்கைச் சுற்றி அப்பினால் ஆயுசுக்கும் ஒழுகாது.


ஓசூர்க்காரன் – ஞாயிறு, இரவு 10:14

ஆயுசுக்கும் கழற்றவும் முடியாது, அண்ணா. வடிக்கிற பிளக் அது.


லாரிப்பட்டறை நாமக்கல் – ஞாயிறு, இரவு 10:16

கீழ் ஹோஸைக் கழற்றினால் வடிகிறது. நாங்கள் யாரும் இந்தப் பிளக்கைத் தொட்டதே இல்லை.


தகரப்பெட்டி – திங்கள், மாலை 6:40

எம்சீல் வாங்கினேன். ஆனால் ஒழுகலை அடைக்க இல்லை.

ரேடியேட்டரைக் கழற்றிப் பெஞ்சில் தலைகீழாக வைத்தேன். முழு ரேடியேட்டரையும் பஸ்ஸில் கோவை கணபதியில் இருக்கும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, குமிழின் உள் மரையைத்தான் லேத்துப் பட்டறை அண்ணனிடம் காட்ட வேண்டும். குமிழுக்குள் அடியில் ஒரு கந்தல் துணியை அடைத்து, மரை முழுக்க எஞ்சின் ஆயிலைத் தடவி, பிசைந்த எம்சீலை உள்ளே அழுத்தினேன். நடுவில் ஒரு மூன்று இஞ்ச் ஆணி. இரண்டு மணி நேரம் கழித்து ஆணியை இடுக்கியால் பிடித்து இடதுபக்கம் திருப்பினால், அப்படியே திருகித் திருகி வெளியே வந்தது. ஒவ்வொரு மரையும் அச்சு மாதிரி. ஓரிடத்தில் மட்டும் இரண்டு மரை நசுங்கியிருந்தது. அது என் ஸ்பேனரின் கைங்கரியம்.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அண்ணன் மரை அளவுத் தகட்டை விசிறி மாதிரி விரித்து, முதலில் 19-ஐ வைத்தார். வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு முனையில் பற்கள் உட்கார்ந்திருந்தன, மறுமுனையில் மேட்டின் மேல் ஏறி நின்றன. 18-ஐ வைத்தார். வெளிச்சம் ஒரு கோடு கூட வரவில்லை.

பித்தளைப் பிளக்கையும் பார்த்தார். 19.

அப்புறம் அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். மூன்று வருடமாகக் கார் கட்டுகிறவனுக்கு எந்த மரை கழன்றிருக்கிறது என்று கேட்காமல் கேட்டார்.


லேத்துப் பட்டறை – திங்கள், இரவு 8:05

அப்படியெல்லாம் இல்லைங்க. எம்சீல் அச்சு பார்த்து நான்தான் அசந்து போனேன். இனி பட்டறையில் நானும் அதைச் செய்வேன்.

கால் இஞ்ச் என்பிடி டேப் (மரை வெட்டுகிற கருவி, சுற்றுகிற டெஃப்லான் டேப் இல்லைங்க) கொடுத்தனுப்பியிருக்கிறேன். மெதுவாக, கையால் மட்டும். டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் அப்பிக்கொள்ளுங்க, சுரண்டல் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும், ரேடியேட்டருக்குள் விழாது. குமிழின் வாய் கீழே பார்க்கிற மாதிரி ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது. இது சாய்வு டேப், உள்ளே போகப் போக ஓட்டையைப் பெரிதாக்கும். நசுங்கின மரையை நேராக்கினால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றுக் கூட வேண்டாம். அளவு தாண்டினால் பிளக் முழுக்க உள்ளே போய்விடும், பிடிக்கவே பிடிக்காது.

அப்படி ஆகிவிட்டால் குமிழை 14.5 மி.மீ. துளைத்து எம்16×1.5 நேர் மரை போட்டு, ஆயில் சம்ப் பிளக் மாதிரித் தலைக்குக் கீழே டவுட்டி வாஷர் (உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய இரும்பு வாஷர்) வைத்துக்கொள்ளலாம். உங்கள் குமிழ் வெளி விட்டம் 25 இருக்கு, தாங்கும். ஆனால் அது கடைசி வழி.


ஓசூர்க்காரன் – திங்கள், இரவு 8:50

நேர் மரைக்கும் சாய்வு மரைக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புவது இங்கேதான். சாய்வு மரையில் மரையே அடைப்பு, அதனால் டேப்போ பேஸ்ட்டோ மரையில் வேண்டும். நேர் மரையில் மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும். அடைப்பது வாஷர் அல்லது ஓ-ரிங். அதில் டேப் சுற்றுவது வீண். மாருதியோடு வருகிற பிளாஸ்டிக் தொட்டி ரேடியேட்டரின் வடிகால் திருகும் இந்த இரண்டாவது வகைதான், ஓ-ரிங் கெட்டியாகிப் போயிருக்கும், ஜனங்கள் டேப் சுற்றி ஸ்பேனரால் முறுக்கிப் பிளாஸ்டிக்கை உடைப்பார்கள். கையால் இறுக்குவதற்கே செய்தது அது. ஓ-ரிங் வாங்கும்போது இபிடிஎம் என்று கேளுங்கள், கூலன்ட்டுக்கு அது நல்லது. அதில் மட்டும் கிரீஸ், ஆயில் தடவக் கூடாது, ஊதிவிடும்.

உங்கள் பிளக்குக்கு டேப் என்றால் மூன்று சுற்று. பிளக்கின் முனை உங்களைப் பார்த்திருக்க, வலஞ்சுழியாக. முதல் மரையை வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் நைந்த டேப் உள்ளே போய்க் குழாயை அடைக்கும். பன்னிரண்டு சுற்று எல்லாம் ஆப்பு அடிக்கிற மாதிரி, அலுமினியக் குமிழ் பிளந்துவிடும். என்னைக் கேட்டால் டேப்பை விட மரைக்கான திரவ சீலன்ட், லாக்டைட் 577 போன்றது. பிளக்கை ஆயில் இல்லாமல் துடைத்துவிட்டுப் போட வேண்டும்.

பித்தளை அலுமினியத்தில் நல்ல ஜோடி இல்லை. வெறும் தண்ணீர், அதிலும் உப்பான போர் தண்ணீர் ஊற்றினால் அலுமினியத்தைத்தான் தின்னும். கோவையில் ஐஸ் கட்டப் போவதில்லை என்று கூலன்ட்டைத் தவிர்க்காதீர்கள், அரிப்பைத் தடுக்கிற மருந்து அதில்தான் இருக்கிறது.


ஏநாற்பது – திங்கள், இரவு 9:30

அலுமினியப் பிளக் என்றால் இங்கே சுலபமாகக் கிடைக்கும், தபாலில் அனுப்பி விடுகிறேன். வரும் வரை பித்தளையோடு ஓட்டுங்கள்.

என்னுடைய பெயருக்குக் காரணம் கேட்பவர்களுக்கு: அப்பப்பாவின் ஆஸ்டின் ஏ40. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்த ரேடியேட்டரின் அடியில் சின்னப் பித்தளைக் குழாய்ப் பூட்டு ஒன்று இருந்தது, திறந்தால் தண்ணீர் வடியும். கசிந்தால் ஈயம் பற்ற வைப்பார். முழுக்கப் பித்தளையும் செம்பும் என்பதால் எதுவும் எதையும் தின்னவில்லை.


தகரப்பெட்டி – புதன், இரவு 7:15

என்பிடி பிளக் உள்ளூரிலேயே கிடைத்தது. ஹார்டுவேர் கடைகளில் "அப்படி ஒண்ணு இல்லை" என்றார்கள். ஹைட்ராலிக் ஃபிட்டிங் விற்கிற கடையில் "18 மரை" என்று சொன்னதும் டப்பாவைத் திறந்து கொடுத்துவிட்டார். பித்தளைதான், 90 ரூபாய்.

கையால் போட்டேன். ஆடவே இல்லை. மூன்றரைச் சுற்று வெண்ணெய் மாதிரிப் போய், மெல்ல மெல்ல இறுகியது. ஸ்பேனரால் இன்னும் ஒன்றரைச் சுற்று. இந்த வித்தியாசத்தை விரலில் உணர்ந்த பிறகுதான் ஏநாற்பது அண்ணா சொன்னது புரிந்தது.

மரையில் தடவிய சீலன்ட்டை ஒரு நாள் காயவிட்டு, பஞ்சர் கடைப் பாணியில் சோதனை. மேல் வாயில் மரக்கட்டை அடைத்த ஹோஸ், கீழ் வாயில் பழைய டியூப் வால்வு செருகிய ஹோஸ், சைக்கிள் பம்ப். கிணற்றடித் தொட்டியில் ரேடியேட்டரை அமுக்கி 13 பிஎஸ்ஐ வரை அடித்தேன். இருபது நிமிடம். ஒரு குமிழி இல்லை.


ஓசூர்க்காரன் – புதன், இரவு 7:40

அருமை. காற்றை வைத்துச் சோதிக்கும்போது 15-ஐத் தாண்டாதீர்கள், தண்ணீர் மாதிரி இல்லை, ஏதாவது பிடுங்கிக்கொண்டால் துப்பாக்கி மாதிரி வரும். நிரப்பும்போது காற்று அடைபடாமல் பாருங்கள். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் தாழ்வாக. நிரப்புகிற வாய் முழு அமைப்பிலும் உயரமான இடத்தில் இல்லாவிட்டால் எஞ்சின் தலையில் காற்று நிற்கும்.


தகரப்பெட்டி – வியாழன், இரவு 9:50

எல்லாம் மாட்டி, எஞ்சின் பக்கம் உயரத்தில் வைத்த சின்னத் தொட்டி வழியாக நிரப்பி, ஓட்டினேன். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால்... பிளக் தலையில் ஒரு பச்சைச் சொட்டு.

உட்கார்ந்துவிட்டேன்.


லாரிப்பட்டறை நாமக்கல் – வியாழன், இரவு 9:58

மஞ்சள் :)

சூட்டோடு மூடியைத் திறந்துவிடாதீர்கள். என் முழங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆறட்டும், ஈரச்சாக்கைப் போட்டுத் திறங்கள்.


லேத்துப் பட்டறை – வியாழன், இரவு 10:20

பவுடர் எங்கேங்க?


தகரப்பெட்டி – வெள்ளி, காலை 7:05

பவுடர் போட்டேன். பிளக்கின் மரையைச் சுற்றி வெள்ளை. ஈரக்கோடு ஒரு சாண் மேலே, கீழ் ஹோஸ் கிளிப்புக்கு அடியிலிருந்து இறங்கி, வெல்டிங் ஓரமாகவே நடந்து, பிளக் தலைக்கு வந்து தொங்குகிறது. நீங்கள் முதல் நாள் சொன்ன அதே வழி.

இத்தனை நாள் பிளக் ஒழுகியதால் உள்ளே அழுத்தம் முழுதாக ஏறவே இல்லை போலிருக்கிறது. பிளக் அடைந்ததும் அழுத்தம் ஏறி, அடுத்த இளைத்தவனைத் தேடிப் போயிருக்கிறது. தொட்டியில் சோதித்தபோது இந்த ஹோஸ் அதில் இல்லையே.

ஹோஸைக் கழற்றினால் காரணம் பல்லை இளிக்கிறது. நான் வெட்டிப் போட்ட நீள அலுமினியக் குழாயின் முனை மொழுமொழுவென்று இருக்கிறது. கம்பெனிக் குழாய்களில் முனையில் ஒரு வளையம் மாதிரி மேடு இருக்குமே, ஹோஸ் வழுக்காமல் இருக்க, அது இல்லை. கிளிப்பை இறுக்கிய தழும்பிலிருந்து ஹோஸ் நாலு மி.மீ. பின்னால் நகர்ந்திருக்கிறது.


லேத்துப் பட்டறை – வெள்ளி, காலை 8:30

குழாய் முனையில் சுற்றிலும் டிக் வெல்டிங்கில் ஒரு வரி மேடு வைத்து, அரத்தால் ஓரத்தை மழுக்கிடுங்க. கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்காரணும், மேட்டின் மேல் இல்லை. நாலு முனைக்கும் செய்யுங்க, ஒழுகுகிற ஒன்றுக்கு மட்டும் செய்துவிட்டு வராதீங்க.


தகரப்பெட்டி – ஞாயிறு, பகல் 1:40

நாலு முனைக்கும் வைத்தாகிவிட்டது. நேற்று ஷெட்டில் முக்கால் மணி நேரம் ஓட விட்டேன், ஃபேன் ஒன்பது முறை ஓடியது. கீழே விரித்த செய்தித்தாள் காலையில் எடுத்துப் படிக்கிற நிலையில் இருந்தது, படித்தேன்.


லேத்துப் பட்டறை – ஞாயிறு, பகல் 2:05

சந்தோஷங்க. மரை வெட்டுகிற டேப்பைத் திருப்பிக் கொண்டு வந்துடுங்க. நாளைக்குப் பம்பு வேலை இருக்குது.